முந்திரித் திசு வளர்ப்பில் வேர்தான் முட்டுக்கட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாழையைப் போல முந்திரிக்கும் திசு வளர்ப்புக் கன்றுகள் (ஆய்வகக் குடுவையில் சிறு துளிரிலிருந்து பெருக்குபவை) வேண்டும் என்று, 2011 டிசம்பரில் தானே புயலில் தோப்புகளை இழந்த கடலூர் மாவட்ட விவசாயிகள் கேட்பது நியாயமே. ஆனால் வாழைத் துளிர் எளிதில் வேர் விடும். முந்திரி, வால்நட், பிஸ்தா போன்ற கொட்டை மரங்களின் துளிர்களோ குடுவைக்குள் தளதளவென்று நின்றாலும் வேர் பிடிக்க மறுக்கும். நன்கு காய்க்கும் முதிர்ந்த மரத்திலிருந்து எடுத்த துளிரில் இந்தப் பிடிவாதம் மிக அதிகம். விதைக்கன்றின் துளிர் ஓரளவு இணங்கும் என்றாலும், முந்திரி அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது என்பதால், அதில் தாய் மரத்தின் குணம் அப்படியே வரும் என்பதற்கு உறுதியில்லை.

வால்நட்டில் கலிபோர்னியாக்காரர்கள் இந்த வேர்ச் சிக்கலைப் பொறுமையாக அவிழ்த்திருக்கிறார்கள். டிரைவர், குனியுகி ஆகியோர் 1984இல் பாரடாக்ஸ் என்ற கலப்பின வால்நட் வேர்ச்செடிக்கென்றே (ஒட்டுக்கட்ட உதவும் அடிச்செடி) தனி வளர்ப்பு ஊடகத்தை, அதாவது துளிருக்கு ஊட்டம் தரும் கலவையை, வெளியிட்டனர். வேரூன்றலை இரண்டு கட்டமாகப் பிரித்ததும் பெரிதும் கைகொடுத்தது: முதலில் ஐ.பி.ஏ. என்ற ஆக்சின் (வேரைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கி) கலந்த ஊடகத்தில் துளிரைச் சில நாள் இருட்டில் வைப்பார்கள். பிறகு ஆக்சின் இல்லாத, வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகள் கலந்த ஊடகத்துக்கு மாற்றி வெளிச்சத்தில் வைப்பார்கள். வேரைத் தூண்டும் அதே ஆக்சின், தொடர்ந்து இருந்தால் வேர் நீள்வதைத் தடுத்து, அடித்தண்டில் உருத்திரளாத திசுக்கட்டியை வளர்த்துவிடும். அந்தக் கட்டியிலிருந்து கிளம்பும் வேருக்கும் தண்டின் நீர்க்குழாய்களுக்கும் சரியான இணைப்பு இராது. ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் என்ற கூழில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியவும் செய்யும். குடுவையில் வேரோடு தெரிந்த கன்று நிழல்வலைக் கூடத்தில் வாடிவிடுவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

வால்நட்டின் செய்முறையை முந்திரிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆக்சின் அளவையும் இருட்டில் வைக்கும் நாள்களையும் ரகத்துக்கு ரகம் சோதித்தாக வேண்டும். எனவே, முந்திரித் திசு வளர்ப்புக்கு நிதி ஒதுக்குவோர், எத்தனை துளிர்கள் பெருகின என்று கேட்பதை விட்டு, எத்தனை கன்றுகள் வேரூன்றி நாற்றங்காலில் உயிரோடு நிற்கின்றன என்ற கணக்கை ரகவாரியாகக் கேட்டு வெளியிட வேண்டும். அதுவரை, நல்ல மரத்தின் இளந்தண்டை விதைக்கன்றில் ஒட்டி உருவாக்கும், அந்த விதைக்கன்றின் ஆணிவேரோடு வரும் மென்தண்டு ஒட்டுக்கன்றுகளின் உற்பத்தியைக் குறைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நெய்வேலி.