கொல்லிமலை பாப்டிஸ்ட் சபையின் பழைய பதிவேட்டையும் கல்லறைப் பாதையையும் காக்க வேண்டி மனு

அனுப்புநர்:
சபைச் செயலர் மற்றும் மூப்பர்கள்,
பாப்டிஸ்ட் சபை,
வாழவந்தி நாடு பகுதி,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையை அளந்து வருவாய்க் கணக்கில் சேர்க்கவும், சபையின் பழைய பதிவேடுகளை நகலெடுத்துப் பாதுகாக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கொல்லிமலையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீடுதான் எங்கள் சபை. நாற்பது குடும்பங்களுக்குள்தான் இருக்கிறோம். இந்த மனுவை எழுதும் நான் இந்த மலையிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன். சபைச் செயலர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. கட்டடத்துக்கோ நிதிக்கோ நாங்கள் மனு கொடுக்கவில்லை. எங்களுக்கு வேண்டியவை இரண்டு: ஒரு பாதை, ஒரு பதிவேடு.

முதலில் பாதை. போன ஐப்பசி மழையில் எங்கள் சபையின் மூத்த பாட்டி ஒருவர் இறந்துபோனார். ஜெபவீட்டுக்குப் பின்னாலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்த வழியில் இப்போது கம்பி வேலி. பெட்டியை ஆறு பேர் தோளில் தூக்கி, தார்ச்சாலை வழியாகச் சுற்றி, ஓடையில் இறங்கி, சேற்றில் ஏறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓடை இறக்கத்தில் முன்னால் பிடித்திருந்த பையனின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பாட்டியின் மகள் ஓடிவந்து இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, அம்மாவுக்கு வலிக்கும்" என்றார். அங்கிருந்த யாரும் அதை மறக்கவில்லை. அன்று இரவே இந்த மனுவை எழுத முடிவு செய்தோம்.

வேலி போட்டவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. காப்பியும் மிளகும் வைத்திருக்கும் அந்தத் தோட்டத்தை அவர் சமீபத்தில்தான் விலைக்கு வாங்கினார். புலப்படத்தில் பாதை என்று ஒன்று இல்லை. அவர் காட்டிய காகிதம் சரியான காகிதம்தான். எங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து நடந்து நடந்து பாறைகூடத் தேய்ந்திருக்கிறது. ஆனால் அளவைக்காரர்கள் வந்த காலத்தில் அதைச் சொல்லிப் பதிய வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நடக்கிற வழியை யாராவது மறிப்பார்கள் என்று அப்போது யார் நினைத்தார்கள்? இது பற்றி முன்பே ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பாதை இருந்ததற்கு எழுத்து மூலமான ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் சபையின் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1861இல் லண்டனில் தொடங்கிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறு சங்கம்தான் எங்கள் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. மலையடிவாரத்தில் சேந்தமங்கலம் அவர்களுக்கு ஒரு நிலையம். ஜெஸ்ஸி பிராண்ட் என்பவர் 1907இல் இந்தியா வந்தார். 1913இல் ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டு, இருவருமாகக் கொல்லிமலைக்குக் குடிவந்தார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறி வருகிறது. அன்று சாலையே கிடையாது. நடை, இல்லையென்றால் டோலி. வீட்டுக்கான மரச் சட்டங்களைக் கீழே அறுத்துத் தயார் செய்து, சுமைகாரர்கள் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்தார்கள். தரையிலிருந்து உயர்த்தி, தூண்கள்மேல் கட்டிய வீடு அது. கரையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்தது மாதிரி ஒரு தகடு வைத்தார்களாம். கரையானைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் பல ஆண்டுகள் யாரும் அவர்கள் பக்கம் சேரவில்லை. மருந்துக்கு வருவார்கள், போய்விடுவார்கள். ஊர்ப் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். அப்புறம் 1918–19இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இந்த மலைக்கும் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்துவிட்டார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். எதிர்த்த பூசாரியும் நோயில் விழுந்தார். அவரையும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அவர்களில் கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலைச் சனங்கள் அவர்களை நம்பினார்கள். மலையில் சபை பிறந்த கதை இதுதான். எங்கள் ஊர் ஜெபவீடும் அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான்.

ஜெஸ்ஸி பிராண்ட் பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. தச்சு வேலையும் நெசவும் சொல்லிக்கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார். இந்த மலையில் நரம்புச்சிலந்தி நோய் அப்போது அதிகம். காலில் கொப்புளம் உடைந்து புழு தலையை நீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பார். குடிக்கும் தண்ணீரில் ஆட்கள் காலை வைத்து இறங்குவதால்தான் இந்த நோய் பரவுகிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, கிணற்றுக்குச் சுவர் வைக்கவும் தண்ணீரைத் துணியில் வடிகட்டவும் பழக்கினார். இந்தியாவில் நரம்புச்சிலந்தி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்தான்.

1929 ஜூனில் மலைக்காய்ச்சல் (மலேரியா) முற்றி, கருநீர்க் காய்ச்சலாகி அவர் இறந்தார். இந்த மலையிலேயே அடக்கம் செய்தார்கள். அம்மையார் மலை ஊழியத்தை விட்டுவிடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், இடுப்பு எலும்பு முறிந்த பிறகும், இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டும் மட்டக் குதிரையில் ஏறியும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று சுற்றினார். வயதான காலத்தில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் இந்த மலையில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் அவர்தான். விரல்கள் அழிவதற்கு வலி தெரியாமல் போவதே காரணம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியவரும் அவரே.

இவ்வளவு பெரிய மனிதர்கள் என்பதால் இவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. எங்கள் ஊர் ஜெபவீட்டில் ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பற்றி எழுத யாரும் இல்லை. சாமையும் தினையும் விதைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், பெட்டி செய்த தச்சர்கள், பிரசவம் பார்த்த கிழவிகள். அவர்கள் பெயர் எழுதியிருக்கும் ஒரே இடம் எங்கள் பதிவேடுதான்.

பாப்டிஸ்ட் சபையின் ஒழுங்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இல்லை. வளர்ந்து, தானாக அறிக்கை செய்து கேட்பவருக்குத்தான், அதுவும் தண்ணீரில் முழுக்க முழுகித்தான். எங்களுக்கு ஓடையில் ஒரு மடு உண்டு. தை மாதக் குளிரில் விடியும் முன் அதில் இறங்கியவர்களின் பல் கிட்டிப்போகும். அதனால் பதிவேட்டில் இருப்பது பிறந்த குழந்தைகளின் பெயர் அல்ல, பெரியவர்களின் பெயர். பழைய பெயர், புதுப் பெயர், தகப்பன் பெயர், எந்த நாடு (மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம்), எந்த ஊர், சாட்சி சொன்னவர் யார், எல்லாம் இருக்கும். இறந்தபோது பக்கத்திலேயே அதையும் குறித்து, கல்லறைத் தோட்டத்துக்கு எந்த வழியாகக் கொண்டுபோனார்கள், எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. எங்களுக்குப் பேராயர் இல்லை, பேராயம் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற சபைகள் அதில் ஒன்றாயின. பாப்டிஸ்டுகள் சேரவில்லை. நம்பிக்கையைப் பொறுத்தவரை அது எங்களுக்குப் பெருமைதான், ஆனால் ஆவணங்களைப் பொறுத்தவரை பெரிய கஷ்டம். பேராய அலுவலகம் ஒன்று இருந்தால் பழைய ஏடுகள் அங்கே அலமாரியில் இருந்திருக்கும். எங்கள் ஏடுகள் ஒரு மூப்பர் வீட்டிலிருந்து அடுத்த மூப்பர் வீட்டுக்கு மரப்பெட்டியில் கைமாறி வந்தவை.

அந்தப் பெட்டியை இந்த ஆண்டு திறந்தபோது அடிப்பலகையில் கரையான் மண் படர்ந்திருந்தது. முதல் பதிவேட்டின் அட்டையும் தொடக்கப் பக்கங்களும் போய்விட்டன. மிச்சத்தில் ஓரம் முழுக்கச் சல்லடை. ஒரு பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பெண்ணின் பெயர், அதற்கு நேரே நீல மையில் பெருவிரல் ரேகை, ரேகையின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அது என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் கை. அவருக்கு எழுதத் தெரியாது. அவர் இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே எழுத்து அதுதான். தூணுக்குத் தகடு வைத்துக் கரையானைத் தடுத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், இந்த ஏட்டைக் காக்கத் தவறிவிட்டோம். அது எங்கள் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறோம்.

இது சபைக்கு மட்டும் உரிய காகிதமும் அல்ல. பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களுக்கு வயதையும் வம்சத்தையும் சொல்ல இந்த மலையில் பழைய எழுத்து மிகக் குறைவு. எந்த நாட்டுக்காரர் எந்த ஊரில் பெண் எடுத்தார், எந்த ஆண்டில் எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள் என்பதெல்லாம் அதில் கிடக்கிறது. சபையைச் சேராத மலையாளி என்னும் இந்த மலைப் பழங்குடிக் குடும்பங்களின் பெயர்களும் சாட்சிகளாக வருகின்றன. கல்லறைத் தோட்டத்திலும் அப்படித்தான். காய்ச்சல் காலத்தில் புதைக்க ஆளில்லாத பல பேரை, என்ன சாமி கும்பிட்டார்கள் என்று கேட்காமல் அங்கே அடக்கம் செய்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆகவே, தாங்கள் நில அளவர் ஒருவரை அனுப்பி, ஜெபவீட்டுப் பின்புறத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரையுள்ள நடைபாதையை அளக்க உத்தரவிட வேண்டுகிறோம். பெட்டி தூக்கிப் போகிற அகலம் போதும், வண்டிப் பாதை கேட்கவில்லை. தோட்டக்காரரையும் எங்களையும் ஒன்றாக உட்கார வைத்து வட்டாட்சியர் பேசினால் அவர் ஒத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவருடைய மிளகுக் கொடிகளுக்குச் சேதம் வராதபடி வேலியை ஒதுக்கிப் போட ஆகும் கூலியை நாங்களே தருகிறோம். அதோடு கல்லறைத் தோட்டத்தையும் இடுகாடு என்று கிராமக் கணக்கில் பதிய வேண்டும். இன்று பாதைக்கு வந்த பிரச்சினை நாளை அந்த நிலத்துக்கே வரலாம்.

பதிவேட்டைப் பொறுத்தவரை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத் தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் போதும். பழைய தாளைக் கையாளத் தெரிந்தவர்கள் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு நகலை அங்கேயும் ஒரு நகலை எங்களிடமும் வைக்க வேண்டும். மூல ஏட்டை அவர்களே வைத்துக்கொள்வது நல்லது என்று அவர்கள் சொன்னால் அதற்கும் சம்மதம். சபை கூடிப் பேசி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன். மறுத்தவர் ஒரே ஒரு தாத்தா. ஏடு மலையை விட்டு இறங்கக்கூடாது என்றார். நகல் இங்கே இருக்கும் என்று சொன்ன பிறகு அவரும் ரேகை வைத்தார்.

பாதையைப் பற்றிய குறிப்பு வரும் பதிவேட்டுப் பக்கங்களின் நகலையும், தேய்ந்த பாறையின் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். நில அளவர் எந்த நாள் வந்தாலும் புதர் வெட்டி வழி காட்ட ஆள் இருக்கிறது. மூல ஏட்டை நேரில் காட்டச் சொன்னால் திங்கட்கிழமை மனு நாளில் கீழே கொண்டு வருகிறோம். தாள் ஈரம் தாங்காது என்பதால், மழை இல்லாத வாரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சபைச் செயலர்,
மூப்பர்கள் மற்றும் சபையார்