பட்டாவில் பேர் இல்லாதவர்கள்

குப்பம்

அன்புள்ள ராமலிங்கம்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். "நெய்வேலியில கரியை மூடிட்டு சோலாருக்குப் போனா, கான்ட்ராக்ட்ல இருக்கற எங்க பெரியவன் கதி என்னடா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

மல்லாட்டை வாங்கப் பாவகடா பக்கம் போயிருந்தேன். மடகசிரா தாண்டினால் கர்நாடகா. திருமணியைச் சுற்றி ஐந்து ஊர், 13,000 ஏக்கர், கண்ணுக்கெட்டிய மட்டும் சோலார் பேனல். 2,050 மெகாவாட்டாம். நிலத்தை யாரும் விற்கவில்லை, குத்தகைதான். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாயில் ஆரம்பித்து, இரண்டு வருஷத்துக்கொரு தரம் ஐந்து சதவீதம் ஏறும். மழை பொய்க்கிற மண்ணில் அது நல்ல காசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே களை பறித்தவர்கள், காய் ஆய்ந்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள்? பட்டாவில் பேர் இருந்தவனுக்குக் குத்தகை, இல்லாதவனுக்குப் பெங்களூர் பஸ்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதை. கொமாட்டி அனல்மின் நிலையத்தை 2022 அக்டோபரில் நிறுத்தினார்கள். நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். கரியை விடச் சொல்லி அந்த நாட்டுக்குப் பணக்கார நாடுகள் 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அறிவித்த 850 கோடி டாலரில் பெரும்பகுதி கடன். தலைமுறை தலைமுறையாகக் கரியை எரித்துப் பணக்காரர் ஆனவர்களுக்கு வட்டி வேறு வேண்டியிருக்கிறது! அமெரிக்கா 2025-ல் அதிலிருந்தும் கழன்றுகொண்டது.

அந்த மாதிரி உலக மாநாட்டில் நம் நாட்டுக்காரர்கள் பணக்கார நாடுகளிடம் நியாயம் கேட்கிறார்கள், கேட்கட்டும். அதே நியாயத்தை நெய்வேலி நிலைய வாசலுக்குள்ளேயும் கேட்க ஆள் வேண்டாமா? உங்கள் ஊரில் 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் மூடியபோது, அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட்டில் புதுசு வந்துகொண்டிருந்தது. அடுத்த முறையும் அப்படி வரும் என்று சொல்ல முடியாது. சோலார் வந்தால், பேனலை மாட்டும் வரைதான் ஆள் கூட்டம். அப்புறம் துடைக்க நாலு பேர், காவலுக்கு நாலு பேர்.

பெரியவன் எத்தனை கான்ட்ராக்டர் மாறியிருப்பான்! ஒவ்வொருத்தரும் பி.எஃப். கட்டினாரா என்று இப்போதே பார்க்கச் சொல். பழைய கேட் பாஸ், சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். நாளைக்கு நஷ்டஈடு என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

மல்லாட்டை ஒரு மூட்டை லாரியில் போட்டிருக்கிறேன். பாதி விதைக்கு வை.

உன்,
கோவிந்தன்