ருவாஹாவுக்குப் போவோம், பாஸ்கரா

அன்புள்ள பாஸ்கரா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலாம். உன் மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்ததைச் சேது சொன்னான், ரொம்பச் சந்தோஷம். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் ஆப்பிரிக்காவைப் பற்றி மட்டும்.

கென்யாவின் மாசாய் மாரா வேண்டாம். நீ கத்துவாய் என்று தெரியும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து. சேதுவின் மைத்துனர் அங்கே எடுத்த வீடியோவைக் காட்டினார். வைல்ட்பீஸ்ட் மான் கூட்டம் ஆற்றில் இறங்கத் தயங்கி நிற்கிறது. கரையெங்கும் வண்டிகள், ஒன்றன் பம்பரை ஒன்று இடித்துக்கொண்டு. கூட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால் வண்டிகளும் அதே பக்கம் பாய்கின்றன. மசினகுடியில் அந்த ஒற்றை யானையை நாலு ஜீப் மறித்தபோது நீதானே இறங்கிப் போய்ச் சண்டை போட்டாய்? அங்கே நீ எத்தனை பேரோடு சண்டை போடுவாய்?

நாம் போக வேண்டிய இடம் ருவாஹா. தான்சானியாவின் தெற்குப் பக்கம், இரிங்கா நகரத்திலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். 1964-ல் தேசியப் பூங்காவானது. 2008-ல் உசாங்குச் சமவெளியையும் சேர்த்தபோது பரப்பு 20,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. பழைய தஞ்சை ஜில்லாவைப் போல இரண்டு மடங்கு. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே செரங்கெட்டியையும் ங்கொரொங்கொரோவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே தாருஸ்ஸலாமிலிருந்து 500 கிலோமீட்டர் தரைவழியாக இரிங்காவுக்கு வர யாருக்கும் பொறுமை இல்லை. நமக்கு இருக்கிறது. அந்த நெடுஞ்சாலை மிகுமி தேசியப் பூங்காவுக்குள்ளேயே போகிறது. பஸ் ஜன்னலிலிருந்தே ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைல்ட்பீஸ்ட் ஆறு கடக்கும் காட்சி ருவாஹாவில் கிடையாது. காண்டாமிருகமும் கிடையாது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் வேலமரக் காடும் தெற்கு ஆப்பிரிக்காவின் மியோம்போ என்னும் இலையுதிர் காடும் அங்கேதான் சந்திக்கின்றன. அதனால் கூடூ என்ற மானில் பெரியது, சின்னது இரண்டு வகையையும் ஒரே பூங்காவில் பார்க்கலாம். சேபிள், ரோன் மான்கள் உண்டு. காட்டுநாய்க் கூட்டங்கள் உண்டு. சிங்கங்கள் அதிகம் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. பெரிய பெரிய கூட்டமாக இருந்து காட்டெருமையையே அடிக்கின்றன. மேடெல்லாம் பாவோபாப், நம்மவர்கள் மன்னாரில் பெருக்க மரம் என்பார்களே, அதேதான். கோடையில் யானைகள் தந்தத்தால் அதன் பட்டையைக் கிழித்து உள்ளே இருக்கும் ஈர நாரை மெல்லும். அப்படித் துளைக்கப்பட்டும் பச்சையாக நிற்கும் மரங்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

யானைகள் ஊற்றுத் தோண்டுவதைத்தான் நீ பார்க்க வேண்டும். முவாகுசி என்று ஒரு மணல் ஆறு. கோடையில் மேலே சொட்டுத் தண்ணீர் இருக்காது. யானை வந்து முன்காலால் மணலை உதைத்து உதைத்துத் தள்ளும். பள்ளம் ஆனதும் துதிக்கையை விட்டு மணலை அள்ளி வெளியே போடும். அப்புறம் அசையாமல் நிற்கும், அடியில் தண்ணீர் ஊறும் வரைக்கும். முதலில் ஊறும் கலங்கல் தண்ணீரை உறிஞ்சி வீசிவிட்டு, தெளிந்து வருவதைத்தான் குடிக்கும். அது நகர்ந்ததும் பபூன் குரங்கு, வரிக்குதிரை என்று மற்றவை அந்தக் குழிக்கு வரும். கொள்ளிடத்து மணலில் உன் பாட்டி தோண்டிய ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நீ. உனக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

சரி, இனிமேல்தான் விஷயம். இரண்டு மாதமாக என்னைப் பிடித்து ஆட்டுவது இதுதான்.

முவாகுசி கோடையில் காய்வது இயற்கை. அது போய்ச் சேரும் கிரேட் ருவாஹா ஆறு அப்படி இல்லை. வருஷம் முழுக்க ஓடிய ஆறு. 1993-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் அது நின்றுவிடுகிறது. நீர்யானைகள் மிஞ்சிய குட்டைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஏன் தெரியுமா? நெல்.

மேலே உசாங்குச் சமவெளி ஒரு பெரிய ஏரி மாதிரி. தெற்கு மலைகளிலிருந்து ஆறுகள் இறங்கி அதில் விழுகின்றன. நடுவில் இஹெஃபு சதுப்பு நிலம். தண்ணீர் வெளியேறும் வாயில் ங்கிரியாமா என்ற இடத்தில் ஒரு பாறைத் திட்டு. கடவுள் கட்டிய கலிங்கு என்று வைத்துக்கொள். சதுப்பின் நீர்மட்டம் அதற்கு மேலே இருந்தால் ஆறு ஓடும், கீழே போனால் ஆறே இல்லை. 1970-களில் சீன உதவியோடு எம்பராலியில் அரசு நெற்பண்ணை வந்தது. பின்னால் கபுங்கா வந்தது. கூடவே ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் தாங்களே வாய்க்கால் வெட்டிக்கொண்டார்கள். வயலில் பயிர் குறைவாக இருக்கும் கோடையிலும் மதகுகள் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் பெரும் பகுதி ஆற்றுக்குத் திரும்புவதில்லை. முப்பது வருஷம் மதகும் மடையுமாக உத்தியோகம் பார்த்தவன் நான். படிக்கும்போதே கை துறுதுறுக்கிறது.

ஆனால் பழி யார் தலையில் விழுந்தது பார். மாடு மேய்ப்பவர்கள் தலையில். 2006, 2007-ல் சுகுமா, பராபைக், மாசாய் மக்களை மந்தை மந்தையாக மாடுகளோடு உசாங்குவிலிருந்து விரட்டினார்கள். அடுத்த வருஷம் அந்த நிலம் பூங்காவோடு சேர்ந்தது. ஆறு திரும்பவில்லை. 2023-ல் மறுபடியும் எல்லையை மாற்றினார்கள். இந்தத் தடவை நெல் விவசாயிகளின் கிராமங்களும் மாட்டிக்கொண்டன. தெற்குப் பூங்காக்களில் சுற்றுலாவை வளர்க்க உலக வங்கி 2017-ல் 15 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. வனக்காவலர்கள் கிராம மக்களைத் துன்புறுத்தியதாகப் புகார்கள் குவிந்ததும் 2024-ல் முதலில் பணத்தை நிறுத்தியது, பிறகு திட்டத்தையே கைவிட்டது.

இதையெல்லாம் படித்த பிறகு போகலாமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. நாம் கட்டும் கட்டணம் யாருக்குப் போகிறது? நாம் படம் எடுக்கும் புல்வெளியில் போன தலைமுறையில் யாருடைய மாடு மேய்ந்தது? ராத்திரியெல்லாம் யோசித்தேன். சேதுவோடும் சண்டை போட்டேன். கடைசியில் எனக்குத் தோன்றியது இது. யாருமே போகாவிட்டால் அந்தக் காட்டுக்கு வேறு வகைக் கூட்டம் வரும். 2009-க்கும் 2014-க்கும் நடுவில் தான்சானியாவின் யானைகள் சுமார் 1,09,000-லிருந்து 43,000-ஆகக் குறைந்தன. எல்லாம் தந்தத்துக்காக. அதில் ருவாஹாவும் பலத்த அடி வாங்கியது. ஆகவே போக வேண்டும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

எப்படி என்றும் யோசித்துவிட்டேன். ஆற்றங்கரைச் சொகுசு முகாம்கள் வேண்டாம். வாயிலுக்கு வெளியே துங்கமலெங்கா என்ற கிராமத்தில் எளிய விடுதிகள் இருக்கின்றன, அங்கே தங்குவோம். வண்டியும் வழிகாட்டியும் இரிங்காவிலேயே பிடிப்போம். சென்னை ஏஜெண்டுக்கு ஒரு பைசா கிடையாது. பூங்காவுக்கு நாள் கட்டணம் ஆளுக்குச் சுமார் 30 டாலர், வரி தனி. செரங்கெட்டியில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்துக் கிராமங்களில் 2009-ல் ஏமி டிக்மன் என்ற ஆய்வாளர் தொடங்கிய வேலை ஒன்று நடக்கிறது. கிராமத்தாரிடமே தானியங்கிக் கேமராக்களைக் கொடுத்துவிடுகிறார்கள். தங்கள் நிலத்தில் விழும் ஒவ்வொரு விலங்கின் படத்துக்கும் அந்த ஊருக்குப் புள்ளிகள். புள்ளிகள் சேரச் சேர ஊருக்கு மருந்தும், பள்ளிக்கூடத்துக்குத் தேவையானதும், மாட்டு வைத்தியமும் கிடைக்கும். மாட்டை அடித்த சிங்கத்தை ஈட்டியோடு துரத்திய ஊர்களில் இது நடக்கிறது, பாஸ்கரா! எனக்கு இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், சஃபாரி முடிந்ததும் நேராகத் திரும்ப வேண்டாம். இரிங்காவிலிருந்து ம்பெயா சாலையில் எம்பராலி வரை போவோம். அந்த நெல் வயல்களை நீ பார்க்க வேண்டும், அந்த விவசாயிகளோடு பேச வேண்டும். கடைமடைக்காரன் நீ. மேலே தண்ணீர் பிடிப்பவன்மேல் உனக்கு இருக்கும் கோபத்தைத் திருமண வீட்டில்கூட அடக்கத் தெரியாதவன். அங்கே கடைமடையில் நிற்பது யானையும் நீர்யானையும். மேலே இருப்பவன் உன்னைப் போல ஒரு ஏழைச் சம்சாரி. நீ யார் பக்கம் பேசுவாய் என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

சேதுவுக்கு இரிங்கா பக்கத்தில் கலெங்கா. ஜெர்மானியரை 1891-ல் லுகாலோவில் தோற்கடித்த ஹெஹே மக்களின் தலைவன் ம்குவாவாவின் மண்டையோடு அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரச் சொல்லி, முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு போட்டும், 1954-ல்தான் ஊர் வந்து சேர்ந்தது. கேட்ட நிமிஷத்திலிருந்து அவன் புத்தகம் தேட ஆரம்பித்துவிட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பலாம் என்று நினைக்கிறேன். குறுவை அறுப்புக்கு முன்னால் திரும்பிவிடலாம். அங்கே அப்போது கோடை, ஆறு சுருங்கத் தொடங்கியிருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடிக் கரைக்கு வரும். அடிஸ் அபாபா வழியாகப் போவதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்று கேட்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரைக்கு உன் டாக்டரைக் கேள், சர்க்கரைக்குச் சாப்பிடுவதையும் சொல்லிக் கேள். பாலித்தீன் பை ஒன்றுகூட எடுத்து வராதே, 2019-லிருந்து அங்கே தடை. உன் நீலச் சட்டைகளும் வேண்டாம். கடித்து ரத்தம் குடிக்கும் செட்சீ ஈ நீலத்துக்கும் கறுப்புக்கும்தான் ஓடி வரும். அதைப் பிடிக்கவே அந்த நிறத் துணிகளைத்தான் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். நீ அப்படியே போய் நின்றால் துணியே தேவையில்லை.

வயலை மாணிக்கத்திடம் விட்டுவிட்டு வர முடியுமா என்று கேட்டு உடனே எழுது. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றும் பார். எம்பராலியில் மடை கட்டுகிறவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முறை வைப்பது, வாய்க்கால் காவல், கோடையில் மதகை யார் மூடுவது, இந்த மூன்றும் ஆகிவிட்டன. உனக்குத் தோன்றுவதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
ராமு