சுமதிக்கு, பனிச்சறுக்கு பற்றி

கேத்தி,
நவம்பர் மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அன்றிரவு பிடித்த மழை நாலு நாள் விடவில்லை, வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே இருந்த தடுப்புச் சுவர் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. அதைக் கட்ட ஆள் தேடி அலைந்ததில் நாள் ஓடிவிட்டது. மற்றபடி நலம். மாமியாருக்கு முழங்கால் வலி குளிர் ஆரம்பித்ததும் திரும்ப வந்திருக்கிறது. காட்டெருமை இரண்டு தினமும் சாயங்காலம் வாசல் வரை வந்து நிற்கின்றன, சின்னவள் அதுகளுக்குப் பெயர் வைத்துவிட்டாள். பெரியவன் என் தோளுக்கு வந்துவிட்டான், நீ பார்த்தால் நம்ப மாட்டாய்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை ஸ்கீயிங் பழக்கக் கூட்டிப்போகணும், கையைக் கடிக்காத இடமாகச் சொல், நீங்கள் போய் வந்தவர்கள்தானே என்று கேட்டிருக்கிறாய். நாங்கள் காஷ்மீரில் குல்மார்க் போனது 2023 பிப்ரவரியில். அப்போது பெரியவனுக்கு எட்டு, சின்னவளுக்கு ஐந்து. உன் பிள்ளைகளுக்கு இப்போது ஏழும் நாலும், அதனால் நாங்கள் பட்டது உனக்குச் சரியாகப் பொருந்தும். நீ அனுப்பிய அந்தப் பேக்கேஜ் விவரத்தை இரண்டு தடவை படித்தேன். அதை எடுக்காதே. பெரிய ஓட்டல், கண்டோலா என்கிற ரோப்கார் இரண்டு கட்டமும், ஒரு மணி நேரம் ஸ்கீயிங் என்று போட்டிருக்கிறார்கள். நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் அதில் உபயோகமாக ஒன்றும் இல்லை. கண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. சென்னையிலிருந்து நேராக வரும் குழந்தைக்கு அங்கே தலைவலியும் வாந்தியும் வர எல்லா வாய்ப்பும் உண்டு, அந்தச் சரிவும் பழகினவர்களுக்கானது. பழகப்போகிற குழந்தைக்கு வேண்டியது நம் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு லேசாகச் சரிந்த ஒரு பனி மேடு, அவ்வளவுதான். அது தங்கும் அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கணும். மிச்சமாகிற பணத்தை நல்ல வாத்தியாருக்கும் காலுக்குச் சரியான பூட்ஸுக்கும் போடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான், மீதிக் கடிதம் முழுக்க இதன் விளக்கம்.

எங்களுக்கு முதல் நாளே பூட்ஸ் விஷயத்தில்தான் கஷ்டம் வந்தது. வாடகைக் கடையில் பெரியவனுக்கு இரண்டு அளவு பெரிய பூட்ஸைக் கொடுத்து, இரண்டு கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றார்கள். நாங்களும் ஊட்டிக்காரப் புத்தியில் குளிருக்கு நல்லதுதானே என்று போட்டுவிட்டோம். தப்பு, சுமதி. உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டால் கால் ஒரு பக்கம் திரும்பும், ஸ்கீ கட்டை வேறு பக்கம் போகும். பாவம், விழுந்து விழுந்து எழுந்தான், தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் வேறு கடையில் சரியான அளவு கிடைத்தது, ஒரே ஒரு மெல்லிய நீளச் சாக்ஸ், அவ்வளவுதான், பையன் வேறு பையனாகிவிட்டான். பூட்ஸை மாட்டி முன்பக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கச் சொல். அப்போது குதிகால் அசையக் கூடாது, விரல் நுனி முன்னால் இடிக்கவும் கூடாது. ஸ்கீ கட்டை குழந்தையின் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடையில் நிற்கிற உயரம் போதும், கடைக்காரர் நீளமானதைக் கொடுத்தால் வாங்காதே. விழுந்தால் கட்டை பூட்ஸிலிருந்து தானாகக் கழன்றுவிட வேண்டும், அந்தப் பிடிமானத்தைக் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி வைக்கச் சொல்லிக் கேள், பெரியவர்களுக்கு வைத்த அளவிலேயே கொடுத்துவிடுகிற கடைகளும் உண்டு, அதனாலேயே கால் முறியலாம். கைக்கம்பு வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடிகூட வைக்க விடாதே, அங்கே சரியான அளவு கிடைக்காது என்று பயந்தால் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போ.

அப்புறம் வாத்தியார். குல்மார்க்கில் மத்திய அரசின் ஸ்கீ மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 1968-லிருந்து நடக்கிறது. அங்கே நாள் கணக்கில் வகுப்பு வைப்பார்கள், தேதியும் வயது வரம்பும் அவர்களிடமே நேராக விசாரித்துக்கொள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். உன் பிள்ளைகள் வயதுக்குத் தனி வாத்தியார்தான் தோது. ஆனால் வண்டியை விட்டு இறங்கியதுமே நாலு பேர் சூழ்ந்துகொண்டு நான் சொல்லித்தருகிறேன் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வருஷத்தில் சில மாதம்தான் அவர்களுக்குப் பிழைப்பு. ஆனாலும் அவசரப்படாதே. நானும் இவரும் அரை மணி நேரம் சரிவின் ஓரத்தில் கஹ்வா என்கிற காஷ்மீர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை மட்டும் பார்த்தோம். ஒருவர் குழந்தையைக் கம்பால் இழுத்துக்கொண்டு கீழே வந்து, அப்பா போனில் வீடியோ எடுத்ததும் முடிந்தது என்று பணம் வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு சின்னப் பெண் முன்னால் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே பூட்ஸைப் பூட்டினார், பிறகு முதல் கால் மணி நேரம் விழவும் எழவும் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். அவரையே பிடித்தோம். மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம், பெரியவனுக்கு மட்டும். பேரம் பேசும்போதே அவர் ஒன்று சொன்னார்: சின்னவளுக்கு வகுப்புக்கென்று பணம் கொடுக்காதீர்கள், அண்ணன் ஓய்வெடுக்கும்போது நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன், மீதி நேரம் பனியில் விளையாடட்டும். பணம் வேண்டாம் என்று சொன்ன அந்த மனுஷரை நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். உன் நாலு வயதுக்காரிக்கும் அதேதான். அரை மணி நேரம் கட்டை மேல் நின்றாலே பெரிய விஷயம், அழுதால் உடனே கழற்றிவிடு. ஒரு தடவை பயந்துவிட்டால் அடுத்த வருஷமும் வர மாட்டாள்.

மொழியை நினைத்து நீ கவலைப்பட்டிருந்தாய். எங்கள் பிள்ளைகளுக்கும் இந்தி தெரியாது. முதல் நாள் ராத்திரி ஆறு வார்த்தை எழுதிப் பழக்கினேன்: நில், திரும்பு, மெதுவாக, இடது, வலது, கழிப்பறை. அவ்வளவு போதும். இரண்டு கட்டைகளின் முன்நுனியையும் சேர்த்துப் பின்பக்கத்தை அகலமாக வைத்தால் வேகம் குறைந்து நின்றுவிடும், ஸ்கீயிங்கில் முதல் பாடமே அதுதான். அதை அந்த வாத்தியார் “சமோசா, சமோசா” என்று கத்திக் கத்தியே சொல்லிக்கொடுத்துவிட்டார். இன்றைக்கும் வீட்டில் யாராவது வேகமாக ஓடினால் சின்னவள் சமோசா என்று கத்துகிறாள்.

தங்குகிற இடம். கீழே தங்மார்க்கில் வாடகை குறைவு என்று உன் வீட்டுக்காரர் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். பதின்மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பனி விழுந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் மேலே ஏறும், அதற்குத் தினமும் தனி வாடகை, காத்திருப்பு. பிள்ளைகளுக்கு ஈரமாகிவிட்டால் மாற்றுத் துணிக்கு ஓடிவர அறை பக்கத்தில் இருக்காது. வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். மேலேயே, ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிற எளிமையான அறை போதும். முதல் இரவு ஸ்ரீநகரில் தங்கிவிட்டு அடுத்த நாள் மேலே போங்கள். குல்மார்க் 2,650 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637, அதாவது தொட்டபெட்டா உச்சியில் ஒரு ஊர் இருந்து அங்கே தூங்குகிற மாதிரி. எங்கள் பிள்ளைகள் இந்த உயரத்திலேயே வளர்ந்தவர்கள், அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. உன் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து போகிறார்கள், முதல் நாள் ஓடவிடாதே, தண்ணீர் நிறையக் கொடு.

எப்போது போவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. என் நாத்தனார் குடும்பம் 2024 பொங்கல் விடுமுறைக்குப் போனார்கள். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் அங்கே சில்லை கலான் என்கிற கடுங்குளிர்க் காலம், அதனால் பனி கட்டாயம் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். போய் இறங்கினால் ஒரு பொட்டுப் பனி இல்லை! அந்த வருஷம் ஜனவரியில் பெரும்பாலும் அங்கே அப்படித்தான் இருந்தது. உறைபனி விழுந்து கருகிய நம் தலைகுந்தா புல்வெளி மாதிரி பழுப்பாகக் கிடந்தது என்று நாத்தனார் போனில் அழாத குறையாகச் சொன்னாள். ஓட்டலில் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள். அவர்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு, மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. அதனால் பிப்ரவரி வை, பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கு, தேதி மாற்றினால் பணம் போகாது என்று எழுத்தில் தருகிற இடத்தில் மட்டும் முன்பணம் கட்டு. 2025-ல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்.

பஹல்காமில் 2025 ஏப்ரலில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு உன் வீட்டுக்காரர் காஷ்மீர் என்றாலே தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தயக்கத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், வா வா என்று இழுக்கவும் மாட்டேன். அது நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது.

வேறு இடம் என்றால் உத்தரகாண்டில் இருக்கிற அவுலியை எல்லோரும் சொல்வார்கள். சரிவு அழகானது, அரசு விடுதியும் வகுப்பும் உண்டு. ஆனால் ரிஷிகேஷிலிருந்து அதற்குக் கீழே இருக்கிற ஜோஷிமட் ஊர் வரைக்குமே இருநூற்றைம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் வருவதற்கே உன் மகனுக்கு எத்தனை பாலித்தீன் பை தேவைப்பட்டது என்று ஞாபகம் இருக்கிறதா? 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து அவுலிக்குப் போகிற ரோப்காரையும் நிறுத்திவிட்டார்கள். இந்த வயதில் அவ்வளவு தூரம் வேண்டாம். மணாலி பக்கம் சோலாங்கில் கூட்டமும் குதிரையும் டியூப் சறுக்கலும்தான் அதிகம், ஒரு மணி நேரம் தொட்டுப் பார்க்கலாம், பழக முடியாது.

ஆனால் ஒன்றை நீ யோசித்திருக்க மாட்டாய், அல்மாட்டி. கஜகஸ்தானுக்கு நம் பாஸ்போர்ட்டுக்குப் பதினாலு நாள் வரை விசா வேண்டாம், 2022-லிருந்து அப்படித்தான். டெல்லியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. நகரத்திலேயே மலிவான வீடு எடுத்துத் தங்கி, 12-ஆம் நம்பர் டவுன் பஸ்ஸில் மெடியு போய், அங்கிருந்து கண்டோலாவில் ஷிம்புலாக் ஸ்கீ சரிவுக்கு ஏறிவிடலாம். கண்டோலா கொண்டுபோய் விடுகிற இடம் 2,260 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான். செயற்கைப் பனி அடிக்கிற இயந்திரமும் இருப்பதால் நாத்தனாருக்கு நேர்ந்த மாதிரி வெறும் புல்லைப் பார்க்கிற பயம் குறைவு. நாங்கள் போனதில்லை, அடுத்த வருஷத்துக்காக விசாரித்து வைத்திருக்கிறேன். மொத்தச் செலவைக் குல்மார்க்கோடு பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார், விமான டிக்கெட்டை முன்னதாகவே எடுத்தால் வித்தியாசம் நீ நினைக்கிற அளவுக்கு இருக்காது. மொழி மட்டும் ரஷ்யன், கசாக். அந்த ஆறு வார்த்தையை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

துணிமணிக்குச் சென்னையில் காசைக் கொட்டாதே. உள்ளே போட ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் ஊட்டி திபெத் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம், எங்கள் பிள்ளைகள் போட்டு அளவு பத்தாமல் போன தண்ணீர் புகாத பேன்ட்டும் ஜாக்கெட்டும் இரண்டு செட் பெட்டியில் கிடக்கின்றன, உன் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறை விரல் விரலாக இல்லாமல் பை மாதிரி இருப்பதுதான் சின்னக் கைக்குச் சூடு. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்காதே, சின்னவள் மூக்கு வெயிலில் வெந்து உரிந்துவிட்டது, பனியில் அப்படி அடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் பெரியவன் விழாமல் பத்து அடி சறுக்கி நின்றபோது எனக்கு நம் ஞாபகம்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடையில் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, புல் சரிவில் உட்கார்ந்து நீ முன்னால் நான் பின்னால் சறுக்கி, பாவாடையெல்லாம் பச்சையாகிக் கிழிந்து, உன் அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டியது. அவன் முகத்தில் அதே சிரிப்பு. அந்த இடத்தில் இப்போது வீடு கட்டிவிட்டார்கள்.

டிசம்பர் கடைசி வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. இ-பாஸ் எடுத்துவிடு, இல்லாவிட்டால் கல்லாறில் நிறுத்திவிடுவார்கள். உறைபனி விழுந்த காலையில் ஆறு மணிக்கு எல்லாத் துணியையும் மாட்டித் தலைகுந்தாவில் ஒரு மணி நேரம் ஓடவிடலாம், எந்தக் கையுறை வழியாகக் குளிர் ஏறுகிறது, எவன் முதலில் அழுகிறான் என்று அங்கேயே தெரிந்துவிடும். வரும்போது பிள்ளைகளின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து கொண்டு வா. உன் அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டிலும்.

அன்புடன்,
உன் ரேவதி