பயிற்சி மாணவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுலா வளர்கிறது, ஓட்டல்களுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் வளரும் நாடுகள் பலவற்றிலும் கேட்கிறது. ஓட்டல் நிர்வாகம் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது வேறு. படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நிற்பதில்லை, இந்தத் தொழில் மேல் வெறுப்பு பல பேருக்கு, படிப்பின் ஒரு பகுதியாக ஓட்டலில் செய்யும் தொழிற்பயிற்சி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

2019-ல் உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணங்கள் சுமார் 146 கோடி. கொரோனா வந்த 2020-ல் அதில் எழுபது சதவீதத்துக்கும் மேல் காணாமல் போனது. வேலை இழந்த அனுபவசாலிகள் டெலிவரி, கடை, கட்டுமானம் என்று கிடைத்த பக்கம் போனார்கள், பலர் திரும்பவில்லை. அந்த இடத்தைப் பல ஓட்டல்கள் பயிற்சி மாணவர்களை வைத்து நிரப்புகின்றன.

முறைப்படி ஒரு மாணவர் ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு), கிச்சன், சர்வீஸ் (பரிமாறுதல்) என்று நான்கு பிரிவிலும் மாறி மாறி நிற்க வேண்டும். நடப்பது என்ன? எங்கே ஆள் குறைவோ அங்கே நிறுத்துகிறார்கள். விருந்து மண்டபத்தில் தட்டு தூக்கியே மொத்தப் பயிற்சியையும் முடித்த பிள்ளைகள் உண்டு, ஆனால் அவர்களுடைய லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) நான்கு பிரிவுக்கும் கையெழுத்து இருக்கும்! இரட்டை ஷிப்ட், பேருக்கு ஒரு உதவித்தொகை, சில இடங்களில் அதுவும் இல்லை. இங்கிலீஷ் சரளமாக வராவிட்டால் வரவேற்பு மேசைப் பக்கமே விடுவதில்லை. பழகினால்தானே வரும்?

இதற்கிடையில் தொழிலே மாறிவிட்டது. அறை விற்பனையில் கணிசமான பங்கு ஆன்லைன் முன்பதிவுத் தளங்கள் வழியாக நடக்கிறது, அப்படி வரும் பதிவுக்குப் பெரும்பாலும் பதினைந்து சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் போகிறது. தேவைக்கு ஏற்ப வாடகையை ஏற்றி இறக்கும் முறை விமான நிறுவனங்களிடமிருந்து ஓட்டல்களுக்கு வந்து பல காலம் ஆகிறது. மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு வழி திறந்த பிறகு ரிசார்ட்டுக்கு வெளியேயும் ஒரு தொழில் வளர்ந்தது. அந்த மாதிரிச் சின்ன இடத்தில் வேலைக்குச் சேர்கிறவர் விலை வைக்கணும், விமர்சனத்துக்குப் பதில் எழுதணும், அறையையும் பார்த்துக்கொள்ளணும். நாப்கின் மடிப்பும் பிரெஞ்சு மெனுப் பெயர்களும் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் வகுப்பில் அவற்றுக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியாவது இதற்குத் தர வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகள் 2012-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சுற்றுலாத் துறையின் 32 பணிகளுக்கு இன்னின்ன திறன் வேண்டும் என்று பொதுவாக வரையறுத்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் பெற்ற தகுதியை இன்னொரு நாடு ஏற்பதற்காக வந்த ஏற்பாடு அது. அதே பாணியில், எந்த வாரத்தில் எந்தத் திறன் என்று எழுதிவைத்து ஓட்டலும் கல்லூரியும் கையெழுத்துப் போடட்டும். வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு, குறைந்தபட்ச உதவித்தொகை, சொல்லாமல் போய்ப் பார்க்கும் ஆசிரியர், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

கல்லூரிகள் வாய் திறக்காததற்குக் காரணம் தெரிந்ததுதான், அதே ஓட்டல்கள்தான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் வருகின்றன. அதனால் இதைக் கல்லூரியின் தயவில் விடக்கூடாது. அங்கீகாரம் தருகிற அமைப்புகள் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் பயிற்சி முடித்த மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஆசிரியரோ ஓட்டல்காரரோ பக்கத்தில் இல்லாமல் விசாரிக்க வேண்டும், அவர்கள் சொல்வதை வைத்தே அந்தக் கல்லூரியின் அனுமதியை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓட்டல் நிர்வாகத் துறை ஆசிரியர் ஒருவர்