வள்ளத்துக்கு எக்கோ வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கையோடு எடுத்துச் செல்லும் பிஷ் பைண்டர் (நாங்கள் எக்கோ என்போம், தண்ணீருக்குள் ஒலி அனுப்பித் திரும்பும் எதிரொலியைத் திரையில் காட்டும் கருவி) பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, திரையின் அளவையும் விலையையும் சொன்னதோடு நின்றுவிட்டது. மணப்பாட்டில் பைபர் வள்ளத்தில் தூண்டில் தொழில் பார்க்கும் எனக்கு, அதில் விட்டுப்போனதுதான் பெரிதாகப் படுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கருவி மீனைப் பார்க்க அல்ல, தரையைப் பார்க்க.

கடையில் கருவியை மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் மீன் கூட்டம் கூட்டமாக ஓடும். டெமோவாம்! கடலுக்குப் போன பிறகும் திரையில் வரும் மீன் பொம்மையை நம்பித் தூண்டில் இறக்க முடியாது. ஒலி பெரும்பாலும் மீனின் காற்றுப்பையில் பட்டுத்தான் பலமாகத் திரும்புகிறது. நாங்கள் சீலா என்று சொல்லும் வஞ்சிரத்துக்கு அந்தப் பையே கிடையாது. கலவாவுக்கு உண்டு, ஆனால் அது பார் எனும் கடலடிப் பாறைத்திட்டை ஒட்டியே கிடப்பதால் கல்லின் எதிரொலியோடு கலந்துவிடும்.

தரை விஷயத்தில் அப்படி ஏமாற்றாது. சேறு மெல்லிய கோடாக வரும். பார் என்றால் கோடு தடிக்கும், இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு எதிரொலியும் விழும்.

எங்கள் அப்பாமார் திருச்சிலுவைக் கோயிலும் தேரிப் (செம்மணல் மேட்டுப்) பனையும் நேராக வரும் கோட்டை ஒன்றாகவும், கரையில் வேறு இரண்டு அடையாளங்களை இன்னொன்றாகவும் வைத்து, இரண்டும் வெட்டும் இடத்தில் பாரைப் பிடித்தார்கள். மப்பு மூடினால் போச்சு. ஜிபிஎஸ் வந்ததும் பாரை ஒரு புள்ளியாகக் குறித்து வைத்தோம். ஆனால் பாருக்கு மேடு உண்டு, சரிவு உண்டு. நீவாடு (நீரோட்டம்) வந்து மோதும் விளிம்பில்தான் மீன் நிற்கும். அந்த விளிம்பு புள்ளியில் தெரியாது, வரைபடத்தில்தான் தெரியும்.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, நான் ஓடும் வழியெல்லாம் ஆழக்கோடு, அதாவது ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, வரைந்து சேமிக்குமா என்பதுதான். கார்மின் ஸ்ட்ரைக்கரில் இந்த வசதிக்குக் குவிக்டிரா என்று பெயர், ஹம்மின்பேர்டில் ஆட்டோசார்ட் லைவ். ஒரே பிராண்டிலும் எல்லா மாடலிலும் இருக்காது, பார்த்து வாங்க வேண்டும். ஸ்ட்ரைக்கரில் விலைக்கு விற்கும் கடல் வரைபடத்தை ஏற்ற முடியாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த வரைபடங்கள் கப்பல்களை மனதில் வைத்துப் போட்டவை, நம் சின்னப் பார்களை அவற்றில் தேடிப் பயனில்லை. பாரின் மேல் மெதுவாக, உழவுச்சால் போல நெருக்கமாக ஓட்டினால் நாமே வரைந்துகொள்ளலாம். இங்கே கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் ஆழக்கணக்கும் பெரிதாக மாறாது. வரைந்ததை மெமரி கார்டில் எடுத்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். (கார்டைப் பத்திரமாக வையுங்கள். மச்சானுக்கும் சொல்லாத பாரெல்லாம் அதில் இருக்கும்.)

அப்புறம் டிரான்ஸ்டியூசர், அதாவது தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி வாங்கும் பாகம். பெட்டியில் பெரிதாகப் போடும் ஆழம் நன்னீருக்கானது. ஸ்ட்ரைக்கர் 4-க்கு நன்னீரில் 1,600 அடி, உப்புநீரில் 750 அடிதான். 77 கிலோஹெர்ட்ஸில் ஒலி 45 டிகிரி விரியும். 20 பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஆறடி) பதினாறரைப் பாக அகலத்துக்குப் பார்ப்பதால் பாரின் விளிம்பு மழுங்கிவிடும். 200 கிலோஹெர்ட்ஸில் 15 டிகிரிதான், அகலம் 5 பாகம். வரைபடம் போட இதுதான் சரி.

மணலில் இழுத்து ஏற்றும் வள்ளத்தில் டிரான்ஸ்டியூசரை நிரந்தரமாகப் பொருத்தினால் உடையும். ஆகவே குழாயில் மாட்டி, இன்ஜின் காற்றாடியின் நுரை படாத பக்கம் கிளாம்ப் போட்டு இறக்குவது நல்லது. ஒட்டவைக்கும் ரப்பர் கப் வேகத்தில் கழன்றுவிடும். எறிந்துவிடும் பந்து வகை குளத்துக்கும் அணைக்கும் சரி. சின்னத் திரைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பகலுக்குத் தாங்கும்.

மீன்வளத் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் அறிவிக்கும்போது உப்புநீர் ஆழம், அலைவரிசை, வரைபடச் சேமிப்பு மூன்றையும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். விற்பவர்களும் பணம் வாங்குமுன் ஒரு தடவை கடலில் ஓட்டிக் காட்டட்டும். மணப்பாட்டுக்கு வந்தால் வள்ளம் நான் தருகிறேன். எண்ணெய்ச் செலவு அவர்களுடையது.

இப்படிக்கு,
வள்ளத் தொழிலாளி,
மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம்