நெஞ்சைப் பிளந்துகொண்டவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'சர்க்கரை நோயாளிகளுக்கு இனி பைபாஸ் எதற்கு, ஸ்டென்ட்டே போதும்' என்று போகிற போக்கில் ஒரு வரி. ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பிவலை. இதயக் குழாய்களில் மூன்று அடைப்போடு பைபாஸ் அறுவைக்குத் தேதி வாங்கியிருந்த என் மைத்துனர் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். "நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க மாமா" என்று, ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரைக்காரனான எனக்கு ஆறுதல் வேறு. தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டார்.

2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு தங்களுக்குத் தெரியாததா? 1,900 பேர், எல்லாரும் சர்க்கரைக்காரர்கள், பல குழாய்களில் அடைப்பு. ஐந்தாண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம் பேருக்கு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல், மறைப்பானேன்? ஒரே ஒரு அடைப்பு என்றால் பேச்சு வேறு. ஆனால் சர்க்கரைக்காரனின் குழாயில் கொழுப்பு நெடுகப் படிகிறது. ஸ்டென்ட் வைத்த இடம் திறந்திருக்கும், இரண்டு விரற்கடை தள்ளி நாளை அடைக்கும். பைபாஸில் உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்து வைக்கும் குழாய் அந்த இடங்களை எல்லாம் தாண்டிப் போய் இணைகிறது. என் மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு கோடு கிழித்துக் காட்டியதிலேயே புரிந்தது.

பழைய பாக்கி ஒன்றும் இருக்கிறது. 'காலிலிருந்து நரம்பை எடுத்து' என்று எத்தனை தடவைதான் அச்சிடுவீர்கள்? நரம்பு இல்லை ஐயா, ரத்தக்குழாய். இதற்காக இரண்டு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. அதுவும் காலிலிருந்து மட்டுமா எடுக்கிறார்கள்? எனக்கு முக்கியமான இணைப்பு இடது மார்புத் தமனியில். வலதையும் எடுக்கலாமே என்று கேட்டேன். இரண்டையும் எடுத்தால் மார்பெலும்புக்கு ரத்த ஓட்டம் குறையும், சர்க்கரை உடம்பில் புண் சீழ் பிடிக்கலாம் என்று கைத் தமனியை எடுத்தார்கள். மூன்றாவதற்குத்தான் கால். மார்பு ஆறிவிட்டது, கால் புண்தான் இரண்டரை மாதம் கசிந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வேன். சிரமம்தான், அதை எழுதுங்கள். வேண்டாத வேலை என்று எழுதாதீர்கள்.

அதே பக்கத்தின் அடியில் சர்க்கரையை அடியோடு விரட்டும் சூரண விளம்பரம். சரி, அதைப் பேசினால் இந்தக் கடிதமும் வராது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். மைத்துனர் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
இருபது ஆண்டு வாசகன்